ஆணியில் மாட்டிய சாவி

நன்றாக ஓடுகிற இஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு இஞ்சின் மாட்டச் சொல்லும் ஆளைப் பாண்டிமுருகன் தன் தொழிலில் பார்த்ததே இல்லை. இஞ்சின் மட்டுமல்ல, கியர்பாக்ஸும் சேர்த்து மாற வேண்டும் என்று வண்டிக்காரன் மாரிக்கண்ணன் சொன்னதும் அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த ட்யூபைத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தாயில்பட்டி போகிற ரோட்டில் ஒரே தகரக் கொட்டகையின் ஒரு பாதி பாண்டிமுருகனின் ஒர்க்‌ஷாப், மறு பாதி என் பஞ்சர் கடை. நடுவில் தடுப்பு என்று சொல்ல ஒரு பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் தொங்கும். ஆடிக்காற்றில் அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் படபடவென்று அடித்துக்கொள்வார்கள். பேச்சுக்கு அது ஒரு தடுப்பே இல்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீக. இன்னொரு தடவை கேக்குறேன். இதுல புகை வருதா?"

"இல்ல."

"ஆயில் குடிக்குதா?"

"இல்ல."

"இழுவை குறைஞ்சிருக்கா? அதுவும் இல்ல. வண்டியக் கிளப்புற செல்ஃப் மோட்டாரு தேஞ்சு போச்சு, அம்புட்டுதான். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மாட்டித் தந்துருவேன். இதுக்குப் போயி இஞ்சினக் களட்டுனா, என் தொழிலுக்கே ஆகாதுண்ணே."

"களட்டு முருகா."

"ஏண்ணே?"

"உன் மதினி சொல்லிருச்சு. களட்டு."

மாரிக்கண்ணன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பங்குனிக்குப் பிறகு அவன் அப்படித்தான் பேசினான். பசிக்கிறது என்றாலும் டயரில் காற்று இல்லை என்றாலும் ஒரே மாதிரிதான். முன்னெல்லாம் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் ஹார்னை நாலு தடவை அடித்து, "ஏ அண்ணாச்சி, காத்து என்ன வெலை விக்குது?" என்று கேலி பண்ணாமல் போகமாட்டான்.

அவனிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. காலையில் சுற்றுப்பட்டி ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் பட்டாசுக் கம்பெனியில் இறக்குவான். பகலில் சிவகாசியிலிருந்து அட்டைப்பெட்டி லோடு, வெடிக்கான காகிதக் குழாய் லோடு. சாயந்திரம் பெண்களை மறுபடி ஊர் சேர்ப்பான். அவன் பெண்சாதி சண்முகத்தாயும் அதே கம்பெனியில் திரி வைக்கிற ரூமில் வேலை. ஒரே பிள்ளை சினேகா. சாத்தூரில் காலேஜ் முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று அந்தக் கம்பெனியிலேயே பேக்கிங்குக்குப் போனாள். 'வேறு வேலை கிடைக்கிற வரைக்கும்' என்று இந்தப் பக்கம் கம்பெனிக்குள் போனவர்களை வரிசையில் நிறுத்தினால் விருதுநகர் வரைக்கும் நிற்பார்கள்.

பங்குனியில் அந்தக் கம்பெனி வெடித்தது. பேக்கிங் ரூமுக்கு அடுத்த ரூம். மாரிக்கண்ணன் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தவன், புகையைப் பார்த்து நேராகக் கம்பெனிக்கு விட்டான். சண்முகத்தாய் மகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டாள். வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பவில்லை. ஆட்கள் சேர்ந்து மேட்டில் தள்ளிக்கொண்டு போய் ரோட்டில் விட்டு, அப்புறம்தான் இஞ்சின் பிடித்தது. ஆஸ்பத்திரியில் சினேகா மறுநாள் போய்விட்டாள். முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாரோ கேட்டதற்கு டாக்டர், "சொல்ல முடியாது" என்றாராம். பிழைத்திருக்கமாட்டாள் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த மனிதர்.

ஊர் இஞ்சினைத்தான் குற்றம் சொன்னது. நேரம் பார்த்து நின்னுபோச்சே பாவி இஞ்சின் என்று கிணற்றடியிலும் டீக்கடையிலும் அதே பேச்சு. கருமாதி முடிந்த அன்று சொந்தக்காரர்கள் முன்னால் சண்முகத்தாய் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அந்த இஞ்சின் இருக்கிற வரைக்கும் நான் அந்த வண்டியில காலை வைக்கமாட்டேன்." எல்லோரும் அதுவும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். மாரிக்கண்ணனும் ஆட்டினான்.

ஆனால் இஞ்சின் தானாக நிற்கவில்லை. அதை எனக்குச் சொன்னது கம்பெனி வாட்ச்மேன் சுந்தரபாண்டி. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவர், ஒட்டி முடித்த பிறகும் போகாமல் நின்றார்.

பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு உள்ளே இஞ்சின் சத்தம் கேட்கக்கூடாது. எந்த வண்டியானாலும் வாசலிலேயே அணைத்துவிட வேண்டும். செல்போன், பீடி, தீப்பெட்டி, வண்டிச் சாவி எல்லாவற்றையும் வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட வேண்டும். சாவியை அவர் தன் ரூம் கதவில் அடித்திருக்கும் ஆணியில் மாட்டுவார். அப்புறம் பெண்கள் பின்னாலிருந்து தள்ள, டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை உள்ளே கொண்டுபோவான். மாரிக்கண்ணன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தினமும் இப்படித்தான். அன்றைக்கும் அப்படியே செய்தான்.

"உள்ள எரியுது அண்ணாச்சி. படார் படார்னு வெடிக்குது. இவன் வந்தான், நிறுத்துனான், சாவியத் திருப்பி அணைச்சான், இறங்கி என் கையில குடுத்தான். நானும் வாங்கி ஆணியில மாட்டுனேன். மாட்டிட்டுத்தான் கேட்டைத் தொறக்க ஓடுனேன்" என்றார் சுந்தரபாண்டி. "பிள்ளைய ஏத்துன பெறகு சாவி எங்கன்னு கேக்கான். ஆணியில ஏளெட்டுச் சாவி கெடக்கு. எது இவன் சாவின்னு தெரியல. எடுத்துக் குடுத்தா, சூட்டுல செல்ஃப் எடுக்கல. அணைக்காம விட்டிருந்தா..."

"சண்முகத்தாய்க்குத் தெரியுமா?"

"அது பிள்ளைய வச்சுக்கிட்டு நின்ன நெலையில எதைப் பாத்திருக்கும்? தெரிஞ்சா இவன் கூட ஒரு வீட்ல இருக்குமா? நீங்க யார்கிட்டயும் சொல்லீராதீக."

நான் சொல்லவில்லை. மகள் போன பிறகு மாரிக்கண்ணனுக்கு மிச்சம் சண்முகத்தாய் ஒருத்திதான். இஞ்சின்மேல் பழி இருக்கும் வரைக்கும் அவள் அவனுக்குச் சோறு போடுவாள், பக்கத்தில் படுப்பாள். இஞ்சின் நல்ல இஞ்சின் என்று ஒரு பேச்சு அவள் காதில் விழுந்தால் அத்தோடு போயிற்று. அப்படிச் சொல்லக்கூடிய ஒரே வாய் பாண்டிமுருகனின் வாய். அந்த வாய்க்கோ பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது.

மூடிய கம்பெனியை ஆடி பிறந்ததும் திறந்துவிட்டார்கள். தீபாவளி ஆர்டர் யாருக்காகக் காத்திருக்கும்? பெண்களை ஏற்ற வண்டி வேண்டும் என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். அதற்குப் பிறகுதான் மாரிக்கண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் விட்டான். மதுரையில் உடைத்து விற்கிற கடையிலிருந்து இஞ்சினும் கியர்பாக்ஸும் ஜோடியாக வந்து இறங்கின. யாரோ மலைப்பக்கம் காய்கறி ஏற்றி ஓட்டிய வண்டியினுடையதாம். பாண்டிமுருகன் அதைச் சுற்றிவந்து, டார்ச் அடித்து, கையை விட்டுத் தடவி, முகர்ந்துகூடப் பார்த்தான்.

"இதைவிட உங்க இஞ்சின் நல்லாயிருக்கு" என்றான். "சத்தியமாச் சொல்றேன்."

"மாட்டு."

வேலை ஆரம்பித்தது. உதவிக்கு வேறு ஆள் வேண்டாம் என்று மாரிக்கண்ணனே நின்றான். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் ஆயிலையும் வடித்தார்கள். ஆயில் கருப்பாக, நிதானமாக, நூல் அறாமல் தகர டின்னில் இறங்கியது. மாரிக்கண்ணன் பக்கத்தில் குத்தவைத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். காற்று செம்மண்ணை வாரி வாரிக் கொட்டியது. கழற்றின குழாய் வாய்களில் எல்லாம் பாண்டிமுருகன் துணியைச் சுருட்டி அடைத்தான்.

"சைலன்சர் நட்டு துருப்பிடிச்சிருக்குண்ணே. உங்க பக்கம் இருந்து பிடிங்க. ஆங், அப்படித்தான். அண்ணாச்சி, சும்மாதான இருக்கீக, அந்த லைட்டைக் கொஞ்சம் காட்டுறது!"

"நான் சும்மாவாடா இருக்கேன்? லாரி டயர் ரெண்டு கெடக்கு."

"அது ஓடியா போகப்போகுது?"

லைட்டைப் பிடித்தேன். கியர் லிவரைக் கழற்றினபோது அதன் குமிழைப் பாண்டிமுருகன் துடைத்து டேஷ்போர்டில் வைத்தான். அதில் ஒரு ஸ்டிக்கர், பாதி அழிந்துபோய், சிரிக்கிற மஞ்சள் முகம். சினேகா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒட்டியதாக இருக்கும். மாரிக்கண்ணன் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மத்தியானம் செயின் பிளாக்கை உத்தரத்து இரும்பில் மாட்டி, இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டித் தூக்கினார்கள். மாரிக்கண்ணன் சங்கிலியை இழுக்க இழுக்க, அது கொஞ்சம் கொஞ்சமாக வண்டியை விட்டு எழும்பியது. வண்டியின் முன்பக்கம் பாரம் குறைந்து மெல்ல உயர்ந்தது. இஞ்சின் வெளியே வந்து லேசாக ஆடிக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்துச் சண்முகத்தாய் தூக்குச்சட்டியோடு வந்தாள்.

மெலிந்திருந்தாள். இரண்டு கையிலும் தழும்பு, முழங்கைக்குக் கீழே தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கைகளில் தீ நேராகப் படவில்லை. மகளைத் தூக்கியதில் பட்டது அது.

"வாங்க மதினி. உக்காருங்க" என்று பாண்டிமுருகன் ஒரு டயரைத் தட்டிவிட்டான்.

"எல்லாரும் சாப்பிடுங்க. அண்ணாச்சிக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன். கருவாட்டுக் கொளம்பு."

நான் இலையை வாங்கிக்கொண்டேன். பாண்டிமுருகன் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். மாரிக்கண்ணன் மட்டும் சங்கிலியைப் பிடித்தபடியே நின்றான். அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு வரலாம், அவன் வரவில்லை. சண்முகத்தாய் தொங்குகிற இஞ்சினைப் பார்த்தாள். சோற்றைப் பிரித்து வைத்தாள். மறுபடி பார்த்தாள்.

"இதுதானா?" என்றாள்.

"இதுதான் மதினி." பாண்டிமுருகன் ஒரு கவளத்தை விழுங்கினான். நான் காலால் அவன் காலை மிதித்தேன். அவன் காலை இழுத்துக்கொண்டானே தவிர வாயை மூடவில்லை. "உள்ளதைச் சொல்லிரணும். நாளைக்கு என்னையக் குத்தம் சொல்லக்கூடாது. இந்த இஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல மதினி. இது நடுவழியில நிக்கிற இஞ்சினே கெடையாது. யாரோ அணைச்சாத்தான் இது நிக்கும்."

ஃப்ளெக்ஸ் படபடத்தது. மாரிக்கண்ணன் திரும்பவில்லை. அவன் முதுகும் சங்கிலியைப் பிடித்த கையும்தான் தெரிந்தன.

"தெரியும்ப்பா. நீ சாப்பிடு" என்றாள் சண்முகத்தாய்.

"தெரியுமா? பெறகு ஏன் மதினி களட்டச் சொன்னீக?"

"ஊரு இதைச் சொல்லுச்சு. சொல்லிட்டுப் போகட்டும்னுதான். நான் ஒண்ணும் பேசாம இருந்தா ஒருநா இல்ல ஒருநா யாராச்சும் இவுகளச் சொல்லுவாக. இஞ்சினக் களட்டித் தூரப் போட்டுட்டா, பேச்சு இஞ்சினோட போயிரும்." கருவாட்டு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள். அப்புறம் புருஷனின் முதுகைப் பார்த்துப் பேசினாள். "ஏங்க. நீங்க சாவியத் திருப்புனத நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அவன் சங்கிலியை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டான்.

"வண்டி வந்துச்சு. அணைச்சீக. இறங்கி, சாவிய சுந்தரபாண்டி அண்ணன் கையில குடுத்தீக. அவரு மாட்டுனாரு. பிள்ளை என் கையில இருக்கு, நான் பாக்கேன். எனக்கு அது தப்பாவே தெரியல. ஒரு சத்தம் போட்டிருந்தா நீங்க அணைச்சிருக்கமாட்டீக. எனக்கு வாய் வரல. வண்டி வந்தா அணைக்கணும், சாவிய மாட்டணும், பெறகு தள்ளணும். அம்புட்டுதான் புத்தியில இருந்துச்சு."

"மதினி..." என்றான் பாண்டிமுருகன். சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது.

"இரு. நான் என்ன செஞ்சேன்னு இவுகளுக்குத் தெரியாது." அவள் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். அழவில்லை. மார்க்கெட்டில் என்ன வாங்கினேன் என்று சொல்கிற குரல்தான். "நான் திரி ரூம்ல இருந்து ஓடியாந்தேன். இவ வராண்டாவுல கெடக்கா. சேலை ஒட்டிப்போயிக் கெடக்கு. அம்மான்னா. கையெல்லாம் வெடிமருந்து எனக்கு. மருந்துக் கையோட எதையும் தொடாத, கழுவிட்டுத் தொடுன்னு எத்தனை வருசமாச் சொல்லிச் சொல்லி வளத்திருக்காக நம்மள. நான் தொட்டிக்குப் போனேன். முழங்கை வரைக்கும் கழுவுனேன். சோப்புப் போட்டுக் கழுவுனேன். அவ இன்னொரு வாட்டியும் கூப்பிட்டா. இந்தா வாரேன்த்தான்னு சொல்லிட்டு, நுரை போகுற வரைக்கும் கழுவிட்டுத்தான் போயித் தூக்குனேன்."

காற்றில் பறக்கப் பார்த்த இலையின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டாள்.

"உங்களையச் சொன்னா என்னையும் சொல்லணும்ல" என்றாள்.

மாரிக்கண்ணன் திரும்பாமலேயே, "முருகா, செயின இறக்கட்டுமா?" என்று கேட்டான்.

"இறக்குங்கண்ணே" என்றான் பாண்டிமுருகன்.

இஞ்சின் இறங்கிப் பழைய டயரின்மேல் உட்கார்ந்தது. மாரிக்கண்ணன் வந்து சண்முகத்தாய்க்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் இலையில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். கரியும் கிரீஸுமாக இருந்த கையோடு அவன் பிசையப் போனான். அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தவள், என்ன நினைத்தாளோ, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அவன் அந்தக் கையோடேயே சாப்பிட்டான். நான் எழுந்துபோய், நிறையக் காற்று இருந்த ஒரு டயருக்கு மறுபடி காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

புது இஞ்சினை மாட்டத்தான் கூடுதல் நேரம் பிடித்தது. கழற்றுகிறபோது எல்லாம் சுலபமாக வந்துவிடும், மாட்டுகிறபோது ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். தாங்குகிற ரப்பர் சேரவில்லை, கியர் லிவர் ஓட்டைக்கு நேராக வரவில்லை. "ஏலே, இறங்குலே, உனக்கு நல்ல வீடுதான் பாத்து வச்சிருக்கு" என்று இஞ்சினோடு பேசிக்கொண்டே பாண்டிமுருகன் கம்பியால் நெம்பினான். எல்லாம் முடிந்ததும் மாரிக்கண்ணன் சட்டைப் பையிலிருந்து பழைய குமிழை எடுத்து லிவரில் திருகினான். சாவியைப் போடச் சொன்னதற்கு மட்டும், "நீயே போடு" என்றான். பாண்டிமுருகன் போட்டான். ஒரே தொடுகையில் பிடித்துக்கொண்டது.

"பழைய இஞ்சின என்னண்ணே செய்ய? நல்ல வெலைக்குப் போகும்."

"கெடக்கட்டும்" என்றான் மாரிக்கண்ணன்.

முதல் டிரிப்புக்கு நானும் போனேன். மூன்றாவது கியரில் ஒரு ஊளைச் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு வரச் சொல்லி, பாண்டிமுருகன் என்னை ஏற்றிவிட்டான். ஸ்டியரிங்கில் மாரிக்கண்ணன், நடுவில் சண்முகத்தாய், ஓரத்தில் நான். பின்னால் பெண்கள். தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, மடியில் சோற்றுச்சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் அந்த வண்டி கோழிக்கூடு மாதிரி கத்திக்கொண்டுதான் போகும். அன்றைக்குச் சத்தமே இல்லை.

"மறுபடி அங்கனயே போகணுமாத்தா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வேற எங்கன போக அண்ணாச்சி? வீட்ல இருந்தா அவ கொடிக்கயிறு, அவ சீப்புன்னு கெடக்கு. அங்கன போனாத் திரியப் பாத்துக்கிட்டு இருந்துரலாம்."

மூன்றாவது கியரில் சத்தம் ஒன்றும் இல்லை. ரோடு பிரிகிற விலக்கில் திரும்பியதும் கம்பெனி மதில் தெரிந்தது. புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். கேட்டில் போய் வண்டி நின்றது. சுந்தரபாண்டி ரூமிலிருந்து வந்தார். பழக்கத்தில் அவர் கை சாவிக்காக முன்னால் நீண்டது. வண்டிக்குள் யார் யார் இருக்கிறோம் என்று பார்த்ததும் கை பின்னால் போய்விட்டது.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாரிக்கண்ணன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்தான். சாவிப் பக்கம் அவன் கை போகவில்லை. நிறுத்தினதும் குதித்து இறங்குகிற பெண்கள் இறங்கவில்லை. சுந்தரபாண்டி, "மாரி" என்றார்.

"அங்கன என்ன வண்டிச் சத்தம்? அணைங்கப்பா!" என்று உள்ளேயிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

சண்முகத்தாய் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சாவியை உருவி என் கையில் கொடுத்தாள். எனக்கு அதை வாங்க இஷ்டமில்லை. வாங்கி, ஜன்னல் வழியாகச் சுந்தரபாண்டியிடம் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாட்டுங்கண்ணே" என்றாள் அவள்.

அவர் போய் ஆணியில் மாட்டினார். நான் இறங்கி வழிவிட்டேன். சண்முகத்தாயும் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனாள். "இறங்குங்கடி, தள்ளணும்" என்றாள். பெண்கள் இறங்கினார்கள். மாரிக்கண்ணன் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுக்க, தழும்புக் கைகளைப் பின்கதவில் ஊன்றி அவளும் தள்ளினாள். புது இஞ்சின் கொஞ்சம் பாரம் கூடுதல். சரிவு வரும் வரைக்கும் மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி சத்தமில்லாமல் உள்ளே போய், எரிந்த ரூம் இருந்த இடத்தைத் தாண்டித் திரும்பியது.

எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை. கேட்டிலேயே நின்றேன். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் சுந்தரபாண்டி இரண்டு பக்கமும் பார்த்தார். ஆணியிலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு, கேட்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.